சொல்லாமல் விட்ட மூன்றாவது ஃபவுல்

“எத்தன சார்?”

ஆரோக்கியம் என்னிடம் கேட்டது இந்த இரண்டு சொல்தான். கிள்ளானில், ஒரு சீன வர்த்தகர் சங்கத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் திடலில், பிற்பகல் ஐந்து மணி சுமாருக்கு. மழை விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் தேங்கிய இடங்களில் நிலக்கரிச் சாம்பலைத் தூவியிருந்தார்கள். பத்து ஆட்டக்காரர்களின் இருபது முழங்கால்களும் கறுப்பு. என் வாயில் விசில். இடது கையில் பந்து. தோல் நனைந்து அது வழக்கத்தைவிடக் கனத்தது.

தன் பெயருக்கு நேரே எத்தனை ஃபவுல் எழுதியிருக்கிறது என்றுதான் அவன் கேட்டான். கூடைப்பந்தில் அன்றைய சட்டப்படி ஒருவனுக்கு நான்கு ஃபவுல் ஆனால் வெளியே போகவேண்டும். அந்த ஆட்டத்தில் திரும்பி வரமுடியாது. இப்போது ஐந்து என்று மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு நான்கு. அவனுக்கு மூன்று ஆகியிருந்தது. ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும்.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். “கேப்டன் ஒன்லி” என்றேன், ஆங்கிலத்தில்.

அணித்தலைவன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்பது சட்டம். ஆரோக்கியத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ‘கேப்டன்’ என்ற சொல் மட்டும் தெரியும். திரும்பிப் பார்த்தான். கேப்டன் ராஜதுரை திடலின் மறுகோடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். இவன் அவரிடம் ஓடி, அவர் என்னிடம் வந்து, நான் அவருக்குச் சொல்லி, அவர் இவனுக்குச் சொல்ல நேரம் இல்லை. நான் விசிலை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டேன்.

நான்கு நிமிடம் கழித்து, அவனுடைய நான்காவது ஃபவுலை நானே ஊதினேன்.

ஒரு வாசகரின் கேள்வி

பன்னிரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் எழுதிவருகிறேன். பள்ளிக்கூடம், பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பு, மாட்டுவண்டிகள், ஜுரங்கள் எல்லாம் எழுதியாகிவிட்டது. விளையாட்டின் பக்கம் நான் போகவில்லை. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சென்ற வாரம் சுங்கை பூலோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இளம் ஆசிரியர். தம் பகுதிப் பையன்களை நடுவர்களாகப் பழக்குகிறாராம். நான் அந்தக் காலத்தில் விசில் ஊதியவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘ஆட்டத்தின் நடுவே நடுவர் ஆட்டக்காரர்களிடம் எந்த அளவுக்குப் பேசலாம்? எப்படிப் பேசவேண்டும்?’ என்பது அவர் கேள்வி.

அன்று மாலையே பதில் எழுத உட்கார்ந்தேன். சுருக்கமாகச் சொல். தெளிவாகச் சொல். கோபம் இல்லாமல் சொல். இரண்டு பக்கத்துக்கும் ஒரே குரலில் சொல். பந்து நின்றிருக்கும்போது சொல். ஐந்தும் சரியான யோசனைகள்தான். எழுதிவிட்டு ஒருமுறை படித்தேன். ஐந்தையும் அந்தக் கிள்ளான் திடலில் நான் செய்யவில்லை என்பது தெரிந்தது. காகிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

ஆகவே அவருக்குப் பதிலாக இந்த வாரம் இதை எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதில் ஒரு பகுதியை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

கொடியும் விசிலும்

என் தகப்பனார் கிள்ளான் ரயில் பாதையில் ஒரு கேட்டைக் காத்தவர். இருபத்திரண்டு வருடம். ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, ஒரு கை விளக்கு. விதிப்படி அவர் கொடியைக் காட்டினால் போதும். அவரோ கொடியையும் நீட்டிக்கொண்டு, தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம், அரைகுறைச் சீனத்தில் ஒரு தரம் கத்துவார். “நில்லுடா வண்டி! பெர்ஹெந்தி! பெர்ஹெந்தி!” ரயில் போன பிறகும் அவர் தொண்டை கரகரத்துக்கொண்டிருக்கும்.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு எனக்கு அந்தக் கூச்சல் வெட்கமாக இருந்தது. “அதான் கொடி இருக்கே அப்பா, எதுக்குக் கத்தறீங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“கொடியப் பாக்காம வர்றவன் எத்தன பேருன்னு ஒனக்குத் தெரியுமா?” என்றார்.

எனக்குத் தெரியாது. அந்த வயதில் நான் எண்ணாத ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று.

எனக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர் ஓர் அமெரிக்கர். கிறிஸ்தவ வாலிபர்களுக்கான ஒரு விடுதியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். அவருடைய போதனை என் தகப்பனாரின் பழக்கத்துக்கு நேர் எதிர். நடுவர் பேசினால் வாதம் வரும், ஊதினால் வராது என்பார். கையை எப்படி எப்படிக் காட்டவேண்டும் என்று பதினோரு சைகைகளை வகுத்து வைத்திருந்தார். சட்டப் புத்தகம் நாற்பத்தெட்டுப் பக்கம். நான் கணக்கு வாத்தியார். நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் மனப்பாடம் செய்தேன்.

பேசாமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. எனக்கு முன்னால் ஊதிக்கொண்டிருந்த ஒரு தமிழர், ஆட்டத்தின் நடுவே தமிழ் ஆட்டக்காரன் ஒருவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். வேடிக்கைப் பேச்சாகத்தான் இருக்கும். எதிரணி பந்தைக் கீழே வைத்துவிட்டுத் திடலைவிட்டே போய்விட்டது. அதன் பிறகு தமிழன் விசில் எடுத்தால் கூட்டம் அவன் வாயையே பார்க்கும்.

நான் தீர்மானம் செய்துகொண்டேன். திடலுக்குள் காலை வைத்தால் தமிழில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கிள்ளான் ஆட்டத்துக்கு முன்னால் முப்பத்தேழு ஆட்டங்கள் ஊதியிருந்தேன். முப்பத்தேழிலும் ஒரு தமிழ்ச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அதை யாராவது கவனித்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சம்மட்டிக்காரன்

ஆரோக்கியம் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் ஓர் இயந்திரப் பட்டறையில் கொல்லுலையில் சம்மட்டி அடிப்பவன். பட்டறையின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. அவனுக்கு இருபத்தாறு வயது. நல்ல உயரம். மணிக்கட்டு மட்டும் என் முழங்கை அளவு இருக்கும்.

பட்டறையில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. பட்டறையின் வெள்ளைக்காரத் துரைக்கு அதில் பெருமை. எட்டுப் பேரில் ஆறு பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். மற்ற இருவர் ஆரோக்கியமும், அவனோடு உலையில் நின்ற பெருமாளும். சாயங்காலங்களில் எங்கள் பள்ளிக்கூடத் திடலில்தான் ஆடிப் பழகுவார்கள். எனக்கு அவனை அப்படித்தான் தெரியும்.

பந்தைப் பிடித்தால் அவனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. அவன் பிடுங்கும்போதுதான் தொல்லை. “சார், நான் பந்தத்தான் தொட்டேன். அவன் கை நடுவுல வந்துருச்சி லா!” என்பான். பழகும் நேரத்தில் நான் சிரித்துவிடுவேன். அங்கே தமிழ் பேசுவதில் எனக்குத் தடை இல்லை.

அது ரப்பர் விலை தரையில் கிடந்த காலம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பிறகு பட்டறைகளிலும் குறைத்தார்கள். அந்தப் பட்டறையில் முதல் பட்டியலில் நாற்பது பேர், இரண்டாவதில் அறுபத்தொரு பேர். பட்டியலில் பெயர் வந்த கூலியாளுக்கு வேறு வேலை கிடைக்காது. எங்கேயும் வேலை இல்லை. ஊருக்கு அனுப்பும் கப்பலில் ஏறவேண்டியதுதான். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகள் காலியாகக் கிடந்தன. நான் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டே போவேன்.

கிள்ளான் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் பாசார்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். பெருமாளும் கூட இருந்தான்.

“மூணாவது லிஸ்டு தயாராவுது சார்,” என்றான் ஆரோக்கியம். “ஆனா பெரிய கிராணி ஒரு விசயம் சொன்னாரு. டீம்ல உள்ள எட்டு பேரு மேல துரைக்கு ஒரு கண்ணு இருக்காம். கிள்ளான்ல நல்லபடியா ஆடினா எங்க பேர அவரு தொட மாட்டாராம்.”

“துரை சொன்னாரா, கிராணி சொன்னாரா?” என்றேன். பெரிய கிராணி அந்தப் பட்டறையின் தலைமைக் குமாஸ்தா.

“கிராணிதான். துரை எங்ககிட்டயா வந்து பேசப்போறாரு?”

அவன் மனைவி ஞானம்மாவுக்கு அப்போது ஆறாவது மாதம். முதல் பிள்ளை இரண்டு வருடம் முன்னால் தங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை ஏணி ஏறக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

“கப்பல்ல ஏத்திட்டா அவ தாங்க மாட்டா சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்தப் புள்ள பொறக்குற வரைக்கும் இங்க இருந்தா போதும்.” சொல்லிவிட்டுத் தேநீரை ஊதினான். பிறகு, “நீங்கதான் ரெஃப்ரியாமே?” என்றான்.

“ஆமாம்.”

“அப்ப சரி,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “அப்ப சரின்னா என்ன அர்த்தம்? திடல்ல நான் ஒனக்கு யாரோ. அத மறந்துடாத,” என்றேன்.

“ஐயோ, தெரியும் சார்! நீங்க ஒங்க அப்பனுக்கே ஃபவுல் ஊதுவீங்கன்னு பெருமாள் இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தான்.”

பெருமாள் தலையைக் குனிந்துகொண்டான். நான் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாற்பது நிமிடம்

கிள்ளான் அணி சீன வியாபாரிகளின் அணி. சட்டப்படி இரண்டு பேர் ஊதவேண்டும். என்னோடு ஊதியவர் சின் மாஸ்டர். ஒரு சீனப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் அவர் வாய் ஓயாது. “கை, கை, கையை எடு” என்று அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டே ஓடுவார். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

மூன்று பக்கம் கிள்ளான்காரர்கள். நான்காவது பக்கம் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்த பட்டறை ஆட்கள், சுமார் எண்பது பேர். அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய கிராணி நின்றுகொண்டிருந்தார்.

முதல் பாதி பதினொன்றுக்கு ஒன்பது, பட்டறைக்கு. பதினொன்றில் ஏழு ஆரோக்கியம் போட்டது.

அவனுடைய முதல் ஃபவுலில் சந்தேகம் இல்லை. எதிராளியின் தோளைப் பிடித்தான், அவனுக்கே தெரியும். இரண்டாவது, கூடைக்கு அடியில் மூன்று பேர் பின்னிக்கொண்ட இடத்தில். நான் ஊதி, அவன் சட்டையில் இருந்த எண்ணை விரலால் கணக்கெழுதுபவருக்குக் காட்டினேன். அப்போது அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த ஃபவுல் தன்னுடையதா பெருமாளுடையதா என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழி இல்லை. பெயரைச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. மூன்றாவது, இரண்டாம் பாதியில், நடு வட்டத்தில் பந்துக்குத் துள்ளும்போது எதிராளியைத் தள்ளியது. அதன் பிறகுதான் என்னிடம் வந்து கேட்டான். சந்தேகம் வந்ததால்தானே கேட்டான்!

அதே சமயத்தில் கிள்ளான் அணியின் ஆறாம் எண் ஆட்டக்காரனுக்கும் மூன்று ஆகியிருந்தது. சின் மாஸ்டர் அவன் பக்கத்தில் நடந்து போனார். எல்லோரும் பார்க்க, அவன் மார்புக்கு நேரே மூன்று விரலைக் காட்டினார். இரண்டு சொல் சொன்னார். அந்த ஆள் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை அவன் கைகள் யார் மேலும் படவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. இதைக் கோப்பைப் போட்டியை நடத்தும் கமிட்டிக்கு எழுதவேண்டும் என்று ஓடிக்கொண்டே நினைத்தேன். வாக்கியங்களைக்கூடத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

பதினேழுக்குப் பதினேழு. ஐந்து நிமிடம் இருந்தது. கிள்ளான் ஆள் ஒருவன் கூடைக்கு எறிய எழும்பினான். ஆரோக்கியம் குறுக்கே எழும்பினான். கை அவன் முழங்கையில் பட்டது. நான் ஊதினேன். கணக்கெழுதுபவர் மணியை அடித்தார்.

நான் திடலுக்கு வெளியே கையை நீட்டினேன்.

ஆரோக்கியம் நகரவில்லை. மூன்று விரலைத் தூக்கி எனக்குக் காட்டினான். சிரித்துக்கொண்டேதான் காட்டினான், நான் தவறாக எண்ணிவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். நான் மறுபடியும் கையை நீட்டினேன்.

“நாலாம்டா,” என்றான் பெருமாள், பின்னாலிருந்து. “போச்சு. வெளிய போ.”

அந்த விரல்கள் கொஞ்ச நேரம் மேலேயே இருந்தன. கிள்ளான் பக்கம் கை தட்டியது. அவன் துரையின் நாற்காலியைக் கடந்துதான் வெளியே போகவேண்டியிருந்தது. துரை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிராணியிடம் ஏதோ சொன்னார்.

இருபதுக்குப் பத்தொன்பது. பட்டறை தோற்றது.

குழாயடியில்

ஆட்டம் முடிந்து நானும் சின் மாஸ்டரும் குழாயடியில் கால் கழுவினோம். நாங்கள் பேசியது ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சு. தமிழில் எழுதுகிறேன்.

“ஆறாம் எண்ணுக்கு மூன்று ஆகிவிட்டது என்று நீங்கள் சொன்னதை நான் பார்த்தேன்,” என்றேன்.

“சொன்னேன்,” என்றார். “நீங்கள் உங்கள் ஆளுக்குச் சொல்லவில்லையா?”

“எனக்கு என் ஆள் என்று யாரும் இல்லை.”

அவர் குழாயை மூடினார். என் பக்கம் திரும்பினார்.

“தேவசகாயம், கமிட்டி உங்களை எதற்குக் கூப்பிட்டது என்று நினைக்கிறீர்கள்? சீனம் பேச நான், தமிழ் பேச நீங்கள். அதற்குத்தான் இரண்டு பேர். அந்தப் பட்டறைக்காரனுக்கு நானே சொல்லியிருப்பேன். எனக்குத் தமிழில் ஒன்று இரண்டு கூடத் தெரியாது. அவன் உங்களிடம் வந்து கேட்டதைப் பார்த்தேன். சரி, இவர் சொல்லிவிடுவார் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.”

நாற்பத்தெட்டுப் பக்கம் தெரிந்தவன் என்பதற்காகத்தான் கூப்பிட்டார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“சூசாலா,” என்றார் அவர், துண்டை உதறிக்கொண்டே. கஷ்டம்தான் என்று அர்த்தம். அவன் கஷ்டத்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

துரையின் மேஜை

பதினோரு நாள் கழித்து மூன்றாவது பட்டியல் வந்தது. அணியின் எட்டுப் பேரில் ஒரே ஒரு பெயர். பெருமாள்கூடத் தப்பினான்.

நான் பெரிய கிராணியைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தோத்ததுக்காக இல்ல மாஸ்டர். ஒரு பாயிண்டுலதான தோத்தாங்க, துரைக்கு அதுல திருப்திதான். ஆனா இவன வெளிய அனுப்பினீங்கல்ல? துரை ஊரு பந்தாட்டத்துல ஒருத்தன வெளிய அனுப்பினா அவன் போக்கிரின்னு அர்த்தமாம். போக்கிரிய வச்சிக்கிட்டு நல்லவன அனுப்புறதான்னு கேக்குறாரு.”

எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இது அறியாமையால் வந்த தப்பு. விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும். நாலு ஃபவுல் என்பது ஒரு கணக்கு, ஒழுக்கக்கேடு அல்ல. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

துரை என்னை உட்காரச் சொன்னார். நான் ஏழு நிமிடம் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பட்டியல் அவர் கைக்கு அடியிலேயே இருந்தது. பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கோடு இழுத்தால் போதும்.

“எனக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது,” என்றார். “நீங்கள் சொல்வது நியாயமாகப் படுகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று ஆனதும் அவனுக்கு எச்சரிக்கை கொடுத்தீர்கள் அல்லவா?”

மேஜைமேல் இரண்டு மைக்கூடு, ஒரு சாம்பல் கிண்ணம், ஆறு பென்சில் இருந்தன. ஆறில் இரண்டு சீவப்படாதவை.

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அவன் வந்து கேட்டான், நான் சொல்ல மறுத்துவிட்டேன், தவறு என்னுடையது என்று. மூன்று வாக்கியம். அந்தக் கோடு விழுந்திருக்கும்.

ஆனால் துரை கோப்பைக் கமிட்டியில் ஓர் அங்கத்தினர். அடுத்த வருடம் யார் ஊதுவது என்று முடிவு செய்பவர்களில் ஒருவர். அந்த அறையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்ததே அந்த விசில்தான். எனக்கு முப்பத்தொரு வயது.

“கொடுத்தேன்,” என்றேன்.

“அவனுக்குப் புரியும்படி? அவனுடைய மொழியில்?”

“ஆம். தமிழில்.”

“அப்படியானால் தெரிந்தே செய்திருக்கிறான்,” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். பேனாவை மூடினார். எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

துறைமுகத்தில்

ஆறு வாரம் கழித்து நாகப்பட்டினம் போகும் கப்பல். நான் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கொட்டகைக்கு அடியில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் இருபது பேர். ஒரு குமாஸ்தா வரிசைக்கு வரிசை எண்ணி எழுதிக்கொண்டு போனார். அவர் ஒரு வரிசையில் பத்தொன்பது என்று எழுதியதைப் பார்த்தேன். நான் எண்ணியபோது இருபது இருந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆரோக்கியம்தான் என்னை முதலில் பார்த்தான். எழுந்துவிட்டான்.

“பாத்தியா, சார் வந்துட்டாரு!” என்றான் ஞானம்மாவிடம். அவளுக்கு எட்டாவது மாதம். ஒரு தகரப் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

“எனக்காகத் துரைகிட்ட போயி நின்னீங்களாமே சார். கிராணி சொன்னாரு. கோட்டு போட்டுக்கிட்டு வந்தாருடான்னு சொன்னாரு. எங்க சொந்தக்காரன் ஒருத்தனும் செய்யமாட்டான்.”

“ஆரோக்கியம், அன்னிக்கு நான்...”

“விடுங்க சார். நடக்கலன்னா நீங்க என்ன செய்வீங்க? போனீங்கள்ல, அது போதும். அந்த ஆட்டத்துல எம்மேல ஏதோ கோவமா ஊதுறீங்கன்னு நெனச்சிட்டேன். மனசுல வச்சிக்கிட்டும் இருந்தேன். மன்னிச்சிக்குங்க.”

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் “பரவாயில்ல” என்றேன்.

பிறகு ஞானம்மாவிடம், “ஒடம்ப பாத்துக்கம்மா,” என்றேன். வரிசை எழுந்தது. பலகைப் பாலத்தில் அவள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள். யாரும் அவளைத் தள்ளவில்லை.

பெருமாள் கொண்டுவந்த செய்தி

அதன் பிறகு ஒன்பது வருடம் விசில் ஊதினேன். அடுத்த ஆட்டத்திலிருந்தே, மூன்றாவது ஃபவுல் ஆன ஒவ்வொருவனிடமும் நேரே போய், அவனுக்குப் புரிகிற பேச்சில் சொன்னேன். தமிழில், மலாயில், சின் மாஸ்டரிடம் கேட்டுப் படித்த நான்கைந்து சீனச் சொற்களில். கூட்டம் கத்தியது. ஒருமுறை செருப்பு வந்து விழுந்தது. எந்த அணியும் திடலைவிட்டுப் போகவில்லை. சுங்கை பூலோ ஆசிரியருக்கு ஒரு பதில் வேண்டும் என்றால், பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: ஆட்டக்காரன் எண்ணிக்கையைக் கேட்டால் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கேட்டவன் அதை வைத்து என்ன காப்பாற்றப் பார்க்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கோ தெரிந்திருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பெருமாள் ஊருக்குப் போய்விட்டு வந்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல்கடை வாசலில் என்னை நிறுத்தினான்.

“ஆரோக்கியத்தப் பாத்தேன் சார்.”

“எப்படி இருக்கான்?”

“இருக்கான். காட்டு வேல. ஞானம்மாதான் போயிடுச்சி. கப்பல்லயே வலி வந்துட்டுது. நாலாவது நாளு. நாகப்பட்டினத்துக்கு இன்னும் மூணு நாளு இருந்துச்சாம்.”

தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதையும் எண்ணவில்லை.

“புள்ள?” என்றேன்.

“புள்ள பொழச்சிக்கிச்சி. ஆம்பளப் புள்ள. ஆரோக்கியத்தோட தங்கச்சிதான் வளக்குது. பேரக் கேட்டீங்கன்னா நீங்களே சிரிப்பீங்க.”

“என்ன பேரு?”

“ஒங்க பேருதான் சார். தேவசகாயம்.”

அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். தனக்கு ஏன் இந்தப் பெயர் என்று ஒருநாள் கேட்டிருப்பான். மலாயாவில் ஒரு வாத்தியார் இருந்தார், நம்மை அனுப்பக்கூடாது என்று துரையிடமே நேரில் போய்ப் பேசினார் என்று அவன் அப்பா சொல்லியிருப்பான்.

அது உண்மைதான். பேசினேன்.